தாடையில் ஒரு வெட்டு

கப்பல் வேலைக்குப் போன தம்பியிடமிருந்து தகவலே இல்லை. அம்மா கேட்கும்போதெல்லாம், சிற்பியான அக்கா அவன் தலையை 3டி பிரிண்டரில் சிலையாக அச்சிட்டுக் கொடுப்பாள். அவன் கிளம்பும் முன் ஸ்கேன் செய்த அதே கோப்புதான். அதில் அவனுக்குத் தாடி கிடையாது. ஆனால் போன முறை வந்த தலையில் தாடி மண்டியிருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அன்று அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று பிரிண்டர் நின்றதும், தலையைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் முட்டுகளை அக்கா இடுக்கியால் பிய்த்தெடுத்தாள். தாடி போயிருந்தது. கன்னம் தேறியிருந்தது. தாடையில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டு.

"மெஷின் கோளாறும்மா."

"போடி. அவன் என்னைக்குடி ஒழுங்கா ஷேவ் பண்ணியிருக்கான்?"

அம்மா சிரித்துக்கொண்டே பிரிண்டரைப் பார்த்துக் கைகூப்பினாள். அக்காவும் கூப்பினாள்.

தலையை ஜன்னலோரம் வைத்தார்கள். மறுநாள் காலை அந்த வெட்டு ஆறத் தொடங்கியிருந்தது.