தூண்டியவர் பெயர்

அப்பாசாமி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அதுவும் தமிழில் கூப்பிட்டுக்கொண்டே கழற்றினார்.

தமிழரசிக்கு அப்போதே தெரிந்துவிட்டது, மனுஷனுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

இருபத்தேழு வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். அங்கே அவர் பர்மியப் பெயரில் ஊ டின் மவுங், பெரிய அதிகாரி. எல்லோரும் ஐயா என்று பொருள்படும்படி ‘சயா’ என்றுதான் கூப்பிட வேண்டும். தப்பித் தவறி யாராவது தமிழில் பேசிவிட்டால், வேறு யாரிடமோ பேசுகிறார்கள் என்பதுபோலச் சுவரைப் பார்ப்பார். இன்றைக்குத் தாகேதாவில், இந்த ஒற்றை அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு வாய்க்கு வாய் தங்கச்சி என்கிறார்.

தங்கச்சியாம். ஆபீஸ் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரே நாளில் சட்டி பானையோடு வெளியே தள்ளினபோது இந்தப் பாசம் எந்தப் பொந்தில் போய் ஒளிந்திருந்ததோ.

தண்ணீர் கொடுத்தாள். வீடு தேடி வந்தவருக்கு அதுகூடக் கொடுக்காமல் முடியாது. டீ போடவில்லை.

காலையில் விற்றதுபோக மிஞ்சிய மொய்ங்கா, சேமியாவுக்கு ஊற்றும் மீன்குழம்பு, மூலையில் பானையோடு இருந்தது. அவர் அதையும் ஒரு பார்வை பார்த்தார். பிறப்பு இறப்புப் பதிவு எழுதின கை மீன்குழம்பு கிண்டலாமா என்று உச்சுக் கொட்டினார். அந்தப் பானையை எடுத்து அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

விஷயம் இதுதான். ஆபீஸில் வேலை தெரிந்த ஆள் இல்லை. தேர்தல் வருகிறது, வாக்காளர் பட்டியலைப் பிழையில்லாமல் எழுத ஒருத்தருக்கும் துப்பில்லை. புதிதாக எடுத்ததெல்லாம் யாரோ ஒருவரின் மச்சான், யாரோ ஒருவரின் மருமகன். பழைய ஆட்கள் மன்னிப்புப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டதாம். படிவத்தை அவரே கொண்டுவந்திருந்தார். பேனாவையும் கொண்டுவந்திருந்தார்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்தப் பிப்ரவரியில் ஆபீஸ் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. வேலைக்கு வராத பதினோரு பேரையும் வேலைநிறுத்தக்காரர்கள் என்று பட்டியல் போட்டு நீக்கினார்கள். பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டவர் ஊ டின் மவுங். தமிழரசிக்கு இன்னும் மூன்றே வருஷம் இருந்திருந்தால் முழுப் பென்ஷன். எல்லாம் போயே போச்சு. வீட்டுக்காரர் மாரிச்சாமிக்கு ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபாக்டரியில் வேலை. கரண்ட் இருக்கிற நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். கரண்ட் எப்போது இருக்கும் என்பது அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

ஆனால் வார்டில் அவளுக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ராணுவத்துக்கு வேலை செய்ய மாட்டேன் என்று உதறிவிட்டு வந்தவள் என்று, பர்மாக்காரப் பெண்கள் இரண்டு தெரு தள்ளியிருந்து வந்து அவளிடம்தான் மொய்ங்கா வாங்குவார்கள். தமிழரசி ஒருநாளும் அதற்கு ஆமாம் என்றதில்லை. இல்லை என்றதும் இல்லை.

படிவத்தை வாங்கி எழுத ஆரம்பித்தாள். பெயர் என்ற இடத்தில் ஆபீஸுக்கென்று வைத்த பர்மியப் பெயர், கின் மியா. பிறகு பதவி, சேர்ந்த தேதி, வராத நாட்கள். கடைசிக் கேள்வியில் கை நின்றது. உங்களை வேலைக்கு வரவிடாமல் தூண்டியவர் பெயர்?

அது இல்லாமல் படிவம் செல்லாதாம்.

“ஹாஜரா பேரை எழுதிடு தங்கச்சி. அவதான் எல்லை தாண்டிப் போயிட்டாளே, அவளுக்கு என்ன ஆகப்போகுது?”

ஹாஜரா பக்கத்து மேஜைக்காரி. அவள் போய்விட்டாள், சரி. அவளுடைய அம்மா நபீஸா இதே தாகேதாவில், மூன்றாவது தெருவில்தானே இருக்கிறாள்? பெயர் போய்ச் சேர்ந்த மறுநாளே கதவைத் தட்டுவார்கள். மகள் எங்கே என்று கேட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு போவார்கள். இது அப்பாசாமிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு இதமாகச் சொல்கிறார். சீ, இப்படியும் ஒரு பிறவி.

தமிழரசிக்கு ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பெரிய பதிவேட்டின் வாசனைகூட அவளுக்கு மறக்கவில்லை. மாரிச்சாமி வேலையில்லாத நாளில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், யார் காலிலாவது விழுந்தாவது அந்த வேலையை வாங்கிவிட வேண்டும் என்றிருக்கும். இதோ, கால் தானாகவே வீட்டுக்கு வந்திருக்கிறது.

குனிந்து எழுதினாள். நிதானமாக, நாலு வரி எழுதினாள். அப்பாசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு படிவத்தை எடுத்துப் படித்தார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

ஊ டின் மவுங் என்று எழுதியிருந்தாள். கீழே அவருடைய பதவி. அதற்கும் கீழே, பிப்ரவரி எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்து நின்ற எங்கள் பதினோரு பேரையும் வெளியே நிறுத்தி, கேட்டுக்குத் தன் கையாலேயே பூட்டுப் போட்டு, ஆபீஸ் கிடையாது, நான் கூப்பிடும்வரை யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொன்னவர்.

அவர் கூப்பிடவே இல்லை. ஒரு மாதம் கழித்து வேலைநீக்க உத்தரவுதான் வந்தது.

அப்பாசாமியின் தமிழ் எங்கோ போய்விட்டது. இதைக் கொடுத்தால் ஜென்மத்துக்கும் உனக்கு வேலை கிடையாது என்று பர்மிய மொழியில் சொன்னார். பையிலிருந்து இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“யாருன்னு கேட்டிருக்கு, எழுதியிருக்கேன் சயா. வேற பேரு எனக்குத் தெரியாது.”

அந்தப் படிவத்தை அவள் தொடவில்லை.

தமிழரசி வேலைநிறுத்தம் செய்தவள் என்று நாலு வருஷமாக வார்டே சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவள் இன்றைக்குக் காலை பத்தரை மணிக்குத்தான் செய்தாள்.