பாலத்துக்குப் பயந்த மாப்பிள்ளை

"ரெண்டு பேரும் பையைக் கொட்டுங்கடா!"

வண்டி கிளம்பும் முன்பே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

நானும் என் தங்கை ஜோலீனின் புருஷன் நோலனும் மூட்டைகளைப் புல்தரையில் கவிழ்த்தோம். நோலனின் சாக்ஸுக்குள்ளிருந்து உருண்டது, வெடிச்சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கி முனையில் மாட்டும் சைலன்சர்.

"இது என்ன மாப்ளே?"

"அனுமதி வாங்கினதுதான் மாமா. ஒன்பது மாசம் காத்திருந்து..."

"கென்டக்கியில வச்சுக்கலாம். மிசௌரியிலயும் வச்சுக்கலாம். நடுவுல பாலத்து வழியில ஒரு மைல் இல்லினாய் மாநிலம் வருதே, அங்க இதோட மாட்டினா ஜெயில்! முப்பது வருஷமா வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கறவன் நான். என் வண்டியில ஒரு தப்பு நடக்கக் கூடாது!"

சைலன்சர், வழியனுப்ப வந்து நின்ற ஜோலீன் கைக்குப் போனது. நோலனின் காது சிவந்துவிட்டது.

பாவம், கல்யாணமாகி அவன் வரும் முதல் மான் வேட்டை இது. எங்கள் வீட்டில் இந்தப் பரீட்சையில் தேறினால்தான் மாப்பிள்ளை. மூத்தவளின் புருஷன் வந்த முதல் வருடமே துப்பாக்கியை மறந்துவிட்டு வந்தான். இன்றுவரை கிறிஸ்துமஸ் விருந்தில் அவனுக்குக் குழந்தைகளோடு சின்ன மேஜையில்தான் இடம்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம். ஐஸ் பெட்டிக்கு இடம் பண்ணச் சொல்லி அப்பா நோலனைப் பின்பக்கம் அனுப்பினார். அவன் துப்பாக்கி உறைகளை நகர்த்தி, ஒன்றின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, பாலத்து வழி வேண்டாமே. தெற்கே போய், வண்டி ஏத்தற படகுல ஆத்தைத் தாண்டினா நேரா மிசௌரிதானே?"

"அது ரெண்டு மணி நேரம் சுத்து! எதுக்கு?"

"எனக்குப் பாலம்னா பயம் மாமா."

நான் வெடித்துச் சிரித்தேன்.

"மாப்ளே, நீ கூரை போடற வேலை பாக்கறவன்!"

"கூரைக்குக் கீழ தண்ணி இல்லையே மச்சான். தண்ணியைப் பாத்தா தலை சுத்தும்."

"படகுல போனா மட்டும் தண்ணி தெரியாதா?"

"அது... பக்கத்துல தெரியும். தூரத்துல தெரிஞ்சாத்தான் சுத்தும்."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "தேடித் தேடி என் பொண்ணு புடிச்ச மாப்பிள்ளை! கண்ணை மூடிக்கங்க மாப்ளே, ரெண்டே நிமிஷம், தாண்டிடலாம்."

"பாலத்துல ஏறினீங்கன்னா நான் கதவைத் திறந்து குதிச்சிடுவேன் மாமா."

கதவுப் பிடியில் கையையே வைத்துவிட்டான். அப்பா பல்லைக் கடித்தபடி வண்டியைத் தெற்கே திருப்பினார்.

படகுத்துறைக்கு நாங்கள் போனபோது படகு அப்போதுதான் புறப்பட்டு நடு ஆற்றில் இருந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த முக்கால் மணி நேரமும் அப்பா விடவில்லை.

"மாப்ளே, வீட்டுல மாடிப்படி நீங்களே ஏறுவீங்களா, இல்ல ஜோலீன் தூக்கிட்டுப் போறாளா?"

"குளியல் தொட்டிக்குக் காவலுக்கு ஆள் வேணுமா மாப்ளே?" என்று நானும் என் பங்குக்கு.

சிரித்துச் சிரித்து எனக்கு விலாவே வலித்தது. நோலனும் கூடவே அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

மிசௌரியில் எங்கள் வேட்டை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால், ராஸ்கோ சித்தப்பா வறுத்த மீன் தட்டோடு வாசலில் நின்றார். "மத்தியானமே வருவீங்கன்னு பாத்தேன். வண்டி ரிப்பேரா?"

"வண்டி இல்ல, மாப்பிள்ளை ரிப்பேர்!" என்று அப்பா மொத்தக் கதையையும் அபிநயத்தோடு நடித்துக் காட்டினார். சித்தப்பாவுக்குச் சிரிப்பில் மீன் புரையேறிவிட்டது.

எங்கள் முகாமில் ஒரு வழக்கம். மானைச் சுட்டுக் குறி தவறினவனின் சட்டை நுனியை வெட்டி, பெயர் எழுதிச் சுவரில் ஆணியடித்து வைப்போம். பதினேழு துண்டுகள் தொங்குகின்றன. அப்பாவின் துண்டு மட்டும் கிடையாது.

"சுடறதுக்கு முன்னாடியே தவறின முதல் ஆள் நீங்கதான் மாப்ளே!"

அப்பாவே கத்தரிக்கோலை எடுத்து நோலனின் புதுச் சட்டை நுனியைக் கத்தரித்தார். 'பாலத்துக்குப் பயந்தவன்' என்று எழுதிச் சுவரில் அறைந்தார். நாங்கள் கை தட்டினோம். மறுபடியும் அந்த அசட்டுச் சிரிப்பு.

"வாங்க, ஆம்பளைத் துப்பாக்கி எப்படி இருக்கும்னு காட்டறேன்." அப்பா தன் உறையை மேஜையில் போட்டு ஜிப்பை நீளமாக இழுத்தார்.

பாதியில் அவர் கை நின்றது.

துப்பாக்கி முனையில், போன வாரம் வீட்டில் சுட்டுப் பழகும்போது மாட்டியது, கழற்றாமல் அப்படியே இருந்தது. அப்பாவின் சொந்த சைலன்சர்.

நோலன் சட்டென்று எட்டி உறையை மூடினான். "மீன் ஆறிடும் மாமா, சாப்பிட வாங்க."

சித்தப்பா கவனிக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். பெட்ரோல் பங்க்கில் அந்த ஜிப்பை இழுத்து மூடியவன் நோலன்தான். எனக்கு என் சிரிப்பையெல்லாம் திரும்ப விழுங்கிவிடத் தோன்றியது.

அப்பா நோலனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார். தன் சட்டை நுனியை இழுத்து நறுக்கென்று வெட்டி, நோலனின் துண்டுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்தார்.

"என்னண்ணே இது? நீ இன்னும் ஒரு குண்டுகூடச் சுடலையே!" என்றார் சித்தப்பா.

"திரும்பிப் போறப்பவும் படகுதான்டா ராஸ்கோ" என்றார் அப்பா, மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு. "எனக்கும் அந்தப் பாலம்னா பயம்."