ஆணியில் தொங்கிய கைப்பிடி

"சார், சுற்றுச்சூழல் மேடம் ஜீப்ல வந்து இறங்கிட்டாங்க. சொல்லாம கொள்ளாம வந்திருக்காங்க."

வாட்ச்மேன் சொன்னதும் ஃபோர்மேன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். இப்போதுதான் குனிந்து வால்வை மூடிவிட்டு நிமிர்ந்திருந்தார். முழங்கை வரை கச்சா எண்ணெய்.

சுற்றுவட்டாரக் கிணறுகளின் கச்சா எண்ணெயைச் சேர்த்து வைக்கும் நிலையம் அது. மூன்று டேங்க். கசிந்தால் வெளியே ஓடாமலிருக்கச் சுற்றிலும் இடுப்பளவு சுவர். மழைத்தண்ணீரை வடிக்கச் சுவரின் அடியில் ஒரு வால்வு. வடிந்ததும் வால்வை மூடி, கைப்பிடியைக் கழற்றி, ஆபீஸ் ஆணியில் மாட்ட வேண்டும். கைப்பிடி ஆணியில் தொங்கினால் வால்வு மூடியிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷ வழக்கம்.

நேற்றுச் சாயங்காலம் வால்வைத் திறந்த ஃபோர்மேன், அதை மூடாமலே கை போன போக்கில் கைப்பிடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஷிப்டுக்காரர் ஆணியைப் பார்த்தார், நிம்மதியாக இருந்துவிட்டார். விடிகிற நேரத்தில் ஒரு டேங்கின் குழாய் இணைப்பு கசிந்து, எண்ணெய் அத்தனையும் வால்வு வழியாக வாய்க்காலுக்குப் போய்விட்டது. வாய்க்கால் போய்ச் சேர்வது குட்டையில்.

"என்னங்க, கையெல்லாம் இப்படி இருக்கு?" என்றார் அதிகாரி. கையில் ஒரு ஃபைல்.

ஃபோர்மேனின் நாக்கு நுனி வரை ஒரு பொய் வந்தது. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் குடிக்கக் குட்டைக்குத்தான்.

"மேடம், தப்பு நடந்து போச்சு. வால்வை மூட மறந்தது நான்தான். எண்ணெய் குட்டைக்குப் போயிருக்கும். முதல்ல மாட்டை நிறுத்தணும், மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

இருவரும் வாய்க்கால் கரையோரம் ஓடினார்கள். கன்னங்கரேலென்று எண்ணெய் கூடவே வந்தது. ஃபோர்மேனின் கண் மாடுகள் மேலேயே இருந்தது. வேலை போனால் போகட்டும், ஒரு மாடு செத்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

வளைவில் கறுப்பு சட்டென்று நின்றுவிட்டது. குறுக்கே மண் மூட்டைகள், இடைவெளியில்லாமல் மார்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. அவை இன்னும் இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை. அந்தப் பக்கம் பொட்டுக் கறுப்பு இல்லை. குட்டை தெளிவாகக் கிடந்தது. மாடுகள் குடித்துக்கொண்டிருந்தன.

"அப்பாடா" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார் ஃபோர்மேன். கண் கலங்கிவிட்டது.

மூட்டைமேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த மாட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால்தான் ஃபோர்மேன் இந்தப் பக்கமே வருவதில்லை.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். இப்பவாவது வாயத் தொறந்தீங்களே."

அதிகாரி மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இன்னிக்கே எண்ணெயை அள்ளிடணும். நோட்டீஸ் வரும். நீங்களா ஒத்துக்கிட்டதையும் எழுதிடறேன்."

"தாராளமா வரட்டும் மேடம். நல்லவேளை, இன்னிக்குப் பார்த்து சோதனைக்கு வந்தீங்க."

"நான் சோதனைக்கு வரலைங்க."

அதிகாரி ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினார். போன வருஷத் தேதி. மழைத்தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டாரே என்ற கோபத்தில் ஃபோர்மேன் எழுதிப்போட்டு, அவரே மறந்துபோன மனு. அடியில் அவருடைய கையெழுத்து.

"வாய்க்கால்ல மாட்டுக்காரர் அடுக்கி வச்சிருக்கிற மூட்டைய உடனே அப்புறப்படுத்தணும்னு கேட்டிருந்தீங்க. சொல்லுங்க, எடுத்துடலாமா?"