தரை வச்ச கூடாரம்

உறைஞ்சுபோன ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிக்க, ஓட்டை மேலயே விரிச்சு உள்ள உக்கார்ற மாதிரி கரடியும் நரியும் கூடாரம் வாங்கப் போச்சுங்க. நரி தரையில்லாத கூடாரமா எடுத்துச்சு. கரடி, "எனக்குக் கால் சில்லிடக் கூடாது"ன்னு மெத்துமெத்துன்னு தரை வச்சதா எடுத்துச்சு. எங்க தெரு தனபாக்கியம் இப்படித்தான், பட்டுக் குடை வாங்கி, நனைஞ்சிடும்னு மழையில மடிச்சே வச்சிருந்தா. அது கிடக்கட்டும்.

ஏரி மேல கூடாரத்தை விரிச்சதும், "ஓட்டையை எங்கடி போடுவே?"ன்னு நரி சிரிச்சுச்சு.

கரடியோட குட்டிங்க ரெண்டு நாளா பட்டினி. வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நகத்தால தரையைக் கிழிச்சு, பனியைத் தோண்டி, பொழுது சாயுறதுக்குள்ள நாலு மீனை இழுத்துப் போட்டுடுச்சு.

"கடைசியில உன் கூடாரத்துக்கும் தரை போச்சேடி!"ன்னுச்சு நரி.

"யாரு சொன்னா? ஓட்டையைச் சுத்திப் பாருடி, எல்லாம் தரைதான்!"ன்னுச்சு கரடி.