கோணல் கொசுவம்

அவன் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவளுடைய கொசுவத்தின் கீழ்நுனி அவன் விரல்களுக்குள் இருந்தது. மடிப்பு மடிப்பாக இழுத்து நீவினான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. சொன்னபடி கேட்டது.

பக்கத்து வீட்டுப் பெண் யாராவது ஜன்னல் வழியே பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பாள். புருஷன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

எழுந்தான். இடுப்பருகே மடிப்புகளைச் சேர்த்துப் பிடித்து உள்பக்கமாக ஊக்கு குத்தினான். எல்லோரும் குத்துகிற மாதிரி இல்லை. தலைகீழாக.

பிறகு நாலடி தள்ளிப் போய் நின்று பார்த்தான்.

"திரும்பு."

திரும்பினாள்.

இந்தச் சேவகம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் அவள் கோணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தாலும் அவன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியிருக்க மாட்டான்.

புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், வேலைக்கு எப்படி உடுத்தி வர வேண்டும் என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று.

அதை வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் முட்டி போட்டுவிட்டான்.

முதல் நாள் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அலுவலகத்தில்கூடச் சொல்லிக்கொண்டாள். இப்போது அதை நினைத்தால் குமட்டியது.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எதிரே வந்து நிற்பான். முகத்தைப் பார்க்குமுன் இடுப்பைப் பார்ப்பான். ஊக்கை அவனே கழற்றுவான். அது தலைகீழாகத்தான் இருக்கிறதா, கடைசி மடிப்பு அவன் விட்ட கோணலிலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காபி வேண்டுமா என்று கேட்பான்.

ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. விசாரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒருநாள் வேண்டுமென்றே பழைய பாலியஸ்டர் சேலையை எடுத்தாள். அவன் அதற்கும் கண்ணைச் சுருக்கினான். இதில் மடிப்பு நிற்காதே, எதற்கு இது என்பதுபோல் பார்த்தான். அவள் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

வேலையை விட்டுவிடு என்று மட்டும் அவன் இன்னும் சொல்லவில்லை. அதற்கு ஒரு சாக்குக்காகக் காத்திருந்தான். அது அவளுக்குத் தெரியும். அந்த வேலை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அதனால் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனாள். அலுவலகத்தில் கீழ் டிராயரைக் குனிந்து திறப்பதில்லை.

மற்றவர்களுக்கு அவள் கொசுவத்தின்மேல் தனிக் கண். மேனேஜரிடம் பேர் வாங்கத்தான் இந்த அலங்காரம் என்று இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. குணவதி அக்கா அப்படியில்லை. நேரே வந்து கேலி செய்வார்.

"எங்கூட்டுக்காரரை ஒரு வாரம் உங்கூட்டுக்கு அனுப்பி வெக்கறேன் கண்ணு. கொசுவம் புடிக்கக் கத்துக்கிட்டு வரட்டும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

அன்று மதியம் மேனேஜர் கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள். சேலை எழவில்லை. நாற்காலிச் சக்கரம் அதன் ஓரத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. கொசுவம் மொத்தமும் உருவிக்கொண்டு தரையில் சரிந்தது. ஊக்கு வாயைத் திறந்தபடி துணியோடு தொங்கியது.

குணவதி அக்கா ஓடி வந்து மறைத்துக்கொண்டார். பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் அவளைத் தள்ளிக் கதவைத் தாழிட்டார்.

அவள் சரிந்த துணியை அவசர அவசரமாக வாரிச் சுருட்டினாள். வெட்கம் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

"உடு கண்ணு. எல்லாம் நம்ம ஆளுகதான்."

நாற்காலிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. அதுதான் நடந்தது. மனதுக்குள் அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே பொய்போலக் கேட்டது.

மேனேஜர் கூப்பிட்டபோது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள்.



அக்கா மடிப்பு எடுத்துக் கொடுத்தார். அவள் செருகிக்கொண்டாள். முட்டிவலிக்காரரான அக்கா முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாக இழுத்து விட்டார். எழுந்து, தொங்கிய ஊக்கை எடுத்து எல்லோரும் குத்துகிற மாதிரி குத்தினார். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பாரு. உங்கூட்டுக்காரரு புடிச்சத உட அம்சமா இருக்குது."

இருந்தது. ஒரு மடிப்புகூடப் பிசகாமல், துணிக்கடைப் பொம்மைக்குக் கட்டியதுபோல் இருந்தது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இவ்வளவு நல்லா வேண்டாங்க்கா. ஊக்கு தலைகீழா இருக்கோணும். கடைசி மடிப்பு கொஞ்சம் கோணலா இருக்கோணும்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். மேனேஜர் கேட்கிறாராம்.

"வருவா, இருங்க" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. அவள் இடுப்பிலிருந்து ஊக்கைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டார். ஒரு கையைக் கோப்பு அடுக்கில் ஊன்றி மறுபடி தரையில் உட்கார்ந்தார். அழகாக நின்ற மடிப்புகளைப் பிரித்தார்.

பிறகு ஊக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும் கண்ணு?"