முடியாத மார்ச்

பட்ஜெட் நிறைவேறாமல் நிதியாண்டு முடியக்கூடாது என்று சட்டம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் மாநிலத்தில் மார்ச் முப்பத்தொன்று நகரவே இல்லை. அன்று மாலை நான் ஓய்வு பெற வேண்டியவன். என் இடத்துக்குப் புது ஆசிரியரும் வர முடியாது, என் மாணவர்களும் ஐந்தாம் வகுப்பைத் தாண்ட முடியாது. என் தாடி மட்டும் வளர்ந்து இரண்டாவது பெஞ்சைத் தொட்டுவிட்டது.

கடைசி பெஞ்சு பூவரசன் மீசையைத் தடவிக்கொண்டு, மகளோடு வந்து நின்றான்.

"சார், இவள ஒண்ணாவதுல சேத்துக்குங்க."

"எப்படிடா? தேதிப்படி இவ இன்னும் பொறக்கவே இல்லையே."

"முன்பல்லே விழுந்துருச்சு சார்."

"உனக்கே பத்து வயசுதான். உனக்கு ஏதுடா மக?"

அவன் தலையைச் சொறிந்தான். நானும் சொறிந்தேன். அதற்குள் அந்தப் பொண்ணு அப்பாவின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். குழப்பத்தில் நான் வருகைப் பதிவை எடுத்தேன்.

"பூவரசன்."

"உள்ளேன் ஐயா" என்றாள் அவள்.

பூவரசன் சத்தமில்லாமல் தன் டயர் கடைக்கு நழுவினான்.

தினமும் அவள்தான் வருகிறாள். வாய்ப்பாடு அவனைவிட நன்றாகச் சொல்கிறாள். நாளைக்கே பட்ஜெட் நிறைவேறினால், ஆறாம் வகுப்புக்கு எந்தப் பூவரசனை அனுப்புவது?