நட்சத்திரத்தின் வால்

“வால் இன்னும் இருக்கு. இடது திருகை ஒரு கால் சுத்து சுத்து” என்றார் என் கணவர், மேலேயிருந்து.

நான் மொட்டைமாடியில், தொலைநோக்கியின் அடியில் குந்தியிருந்தேன். அந்தப் பெரிய குழாயின் அடிப்பக்கத்தில்தான் அவர் தன் கையாலேயே தேய்த்த கண்ணாடி இருக்கிறது. அதன் முதுகில் மூன்று திருகுகள்.

கண்ணாடி மயிரிழை சாய்ந்தாலும் நட்சத்திரம் உருண்டையாகத் தெரியாது. ஒரு பக்கம் வால் முளைத்துவிடும். திருகுகளைத் திருகித்தான் அந்த வாலை உள்ளே தள்ள வேண்டும்.

கண் வைக்கிற இடமோ மேலே, குழாயின் வாய்க்குப் பக்கத்தில். பார்க்கிறவருக்குத் திருகு எட்டாது. திருகுகிறவளுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் மூடியைக் கழற்றுவது, நட்சத்திரத்தைப் பிடிப்பது, பார்ப்பது, அதிகாரம் பண்ணுவது எல்லாம் அவர் பாடு. திருகுவதும் திட்டு வாங்குவதும் என் பாடு. கல்யாணமானதிலிருந்து இதே கதைதான்.

இன்றைக்கு எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த மனுஷன். வலது கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் போன வாரம் ஆபரேஷன். இன்று காலையில்தான் கட்டைப் பிரித்தார்கள். மெல்லத் தெளியும், தெளிந்தால் உண்டு, இல்லாவிட்டால் செய்வதற்கு வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். நான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவர்தான் தைரியமாக இருந்தார். காரில் திரும்பி வரும்போது, “இந்தப் பச்சை ஸ்வெட்டர் உனக்கு எடுப்பா இருக்கு” என்றார். காலையில் குளிருகிறது என்று நான் முனகியபோது, அந்தப் பச்சையை எடுத்துப் போட்டுக்கோ என்றவரும் அவர்தான்.

காரிலேயே அழுதுவிட்டேன். இந்த ஒரு வாரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை.

வீட்டுக்கு வந்ததும் படுக்கச் சொன்னேன். கேட்டால்தானே? சாயங்காலம் முதல் நட்சத்திரம் வந்துவிட்டது என்று நான் சொன்னதுதான் தாமதம், என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிட்டார். குழாயையும் அவரே திருப்பினார். தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே, கைக்குப் பழகிய திசை.

“வால் சுருங்குது… ஏய், மெதுவா! இப்ப வலது திருகு. அப்படித்தான்.”

“அது வாலைச் சுருட்டிக்கும். நீங்க எப்பச் சுருட்டிக்கப் போறீங்க?” என்றேன். எத்தனை நாளைக்கப்புறம் எனக்குக் கேலி வந்தது!

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “போதும், நிறுத்து. முத்து மாதிரி உருண்டையா நிக்குது. வந்து பாரு.”

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அவர் முகம் கொள்ளாத சிரிப்போடு, குழாயைத் தடவிக்கொண்டே ஓர் அடி நகர்ந்து இடம் விட்டார்.

நான் கண்ணை வைத்தேன்.

“என்ன, தெரியுதா?”

கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“ஆமாங்க. முத்து மாதிரி இருக்கு.”

“நான்தான் சொன்னேன்ல? இனிமே நீ ஒண்ணுக்கும் அழக் கூடாது” என்றார். அவர் கை என் தலையைத் தேடிக் காற்றில் கொஞ்சம் அலைந்தது. தலையை அதற்கு நேராகக் கொண்டுபோய் வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நான் மாட்டிய மூடி, குழாயின் வாயில் அப்படியே இருந்தது. அவருக்குக் கேட்டுவிடாமல் அதை மெல்லக் கழற்றினேன்.